தீயில் பிறந்த பனிக்கட்டி

வேனிற்காலத்து நண்பகல் வேளை. கல்கத்தாவிலோ நாகபுரியிலோ தில்லியிலோ, நம்மவர் குடியேறி வாழும் எந்த நகரிலும், கடைத்தெருவில் ஒரு கைவண்டி செல்வதைக் காணலாம். அதன்மேல் மரத்தூள் அப்பி, சாக்கு போர்த்து, வழியெல்லாம் நீர் சொட்டச் சொட்ட ஒரு பனிக்கட்டிப் பாளம் கிடக்கும். சர்பத்துக் கடைக்கோ மீன் அங்காடிக்கோ அது செல்லும். பழகிய காட்சியாதலின் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயினும் அந்தப் பாளத்துக்குப் பின்னால் எங்கோ ஓரிடத்தில் நெருப்பு எரிந்திருக்கிறது. பனிக்கட்டி ஆலையை ஓட்டும் மின்சாரம் நம் நாட்டில் பெரும்பாலும் நிலக்கரி உலையில் பிறப்பது அன்றோ? தீயைச் செலவிட்டே குளிரை ஈட்டுகிறோம்.

தீக்கும் பனிக்கும் இடையே இன்று மின்கம்பியும் மோட்டாரும் நின்று இந்த உறவை மறைத்துவிடுகின்றன. 1859-ஆம் ஆண்டில் பெர்டினாண்டு காரே என்ற பிரெஞ்சுக்காரர் உரிமை பெற்ற இயந்திரத்தில் அத்தகைய மறைப்பு எதுவும் இல்லை. ஒரு முனையில் கரி எரிந்தது. மறு முனையில் நீர் உறைந்தது. அவ்வியந்திரத்தின் கதையே இக்கட்டுரையின் பொருள். ஆனால் அதற்கு முன்னர் வெப்ப நாட்டு மக்கள் குளிருக்காக என்ன பாடுபட்டனர் என்பதை அறிந்தாலன்றி அதன் அருமை விளங்காது. ஆதலின் நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம்.

அக்பரின் அரசியல் நிருவாகத்தை விரித்துரைக்கும் அயினி அக்பரி என்ற நூலில் அபுல் பசல், வெடியுப்பைக் கொண்டு குடிநீரைக் குளிர்விக்கும் முறையைக் குறித்திருக்கிறார். வெடியுப்பு நீரில் கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். அக்கரைசலில் ஓர் உலோகக் குப்பியை அமிழ்த்திச் சுழற்றினால் உள்ளிருக்கும் நீர் குளிரும். துப்பாக்கி மருந்தில் நெருப்பைக் கக்கும் அதே பொருள் தண்ணீரைக் குளிர்விக்கவும் உதவும் விந்தையை அவரே சுட்டிக்காட்டியிருப்பது நினைக்கத்தக்கது. இதுவும் இரசாயன முறைதான். ஆனால் இது நீரைச் சில்லிடச் செய்ததேயன்றிக் கோடையில் பனிக்கட்டி தரவில்லை. அரசவை பஞ்சாபுக்குச் சென்ற பின்னர், 1586 முதல், வடமலைகளின் உறைபனியையே படகிலும் வண்டியிலும் ஆள் சுமையாகவும் கொண்டுவந்தனர்.

மலையிலிருந்து கொண்டுவராமல் சமவெளியிலேயே பனிக்கட்டி எடுக்கும் கலை ஒன்றும் நம் நாட்டில் இருந்தது. அலகாபாத்திலும் கல்கத்தாவை அடுத்த பகுதிகளிலும் தாம் கண்டதை சர் ராபர்ட் பார்க்கர் 1775-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் விவரித்தார். திறந்த வெளியில் 30 அடி சதுரமும் 2 அடி ஆழமுமான பள்ளங்களை வெட்டுவர். அடியில் உலர்ந்த கரும்புத் தட்டையையோ சோளத் தட்டையையோ முக்கால் அடி, ஓர் அடி கனத்துக்குப் பரப்புவர். அதன்மேல் சுட்ட மண்ணாலான ஆழமற்ற சிறு தட்டுகளை வரிசையாக வைத்து, அந்தி வேளையில் காய்ச்சி ஆறிய நீரை வார்ப்பர். மேகமும் காற்றும் இல்லாத மார்கழி, தை இரவாயின் விடியுமுன் தட்டுகளில் பனி உறைந்திருக்கும். அதைத் திரட்டி, வைக்கோல் வேய்ந்த ஆழ்குழியில் இட்டு இடித்து இறுக்கிக் கோடைவரை காப்பர்.

இதில் வியப்பு என்னவெனில், அந்த இரவுகளில் காற்றின் வெப்பம் உறைநிலைக்குச் சற்று மேலேயே இருப்பதுண்டு. தெளிந்த வானத்தை நோக்கி நீர் தன் வெப்பத்தைக் கதிராக வீசி இழக்கிறது. அடியிலுள்ள தட்டைப் படுக்கை மண்ணின் வெப்பத்தைத் தடுத்துவிடுகிறது. பனித்துளி உண்டாகும் விதத்தை ஆராய்ந்த வில்லியம் வெல்ஸ் 1814-இல் இக்காரணத்தை விளக்கினார். நீரை ஏன் காய்ச்சுகிறார்கள் என்ற கேள்வியும் அறிஞர்களை விடவில்லை. காய்ச்சிய நீர் விரைவில் உறைய முற்படுவதைப் பற்றி ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் அதே 1775-இல் அதே வெளியீட்டில் எழுதினார். பள்ளங்களில் குனிந்து தட்டுத் தட்டாகப் பனியைச் சுரண்டியவர்கள் அந்த ஏட்டைக் கண்டிருக்கமாட்டார்கள். நூலறிவு பின்னே வந்தது. கையறிவு முன்னே இருந்தது.

இந்தக் கைத்தொழிலுக்கு முதல் அடி கடல் கடந்து வந்தது. 1833 மே 12-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து டஸ்கனி என்ற கப்பல், 180 டன் ஏரிப் பனிக்கட்டியுடன் கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்டது. அனுப்பியவர் பிரெடரிக் டியூடர் என்ற வணிகர். நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இருமுறை கடந்தாக வேண்டும். செப்டம்பரில் ஹூக்ளி ஆற்றில் வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. கவர்னர் ஜெனரல் பெண்டிங்கு பிரபு மகிழ்ந்து, சரக்கைக் கொண்டுவந்தவருக்கு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பனிக்கட்டிச் சேமிப்பகங்கள் எழுந்தன. சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்ட கட்டடத்தால் அவ்வட்டாரத்துக்கே ஐஸ்ஹவுஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. திருவல்லிக்கேணியில் வாழ்ந்து வடக்கே வந்த அன்பர்கள் பலர் அந்த வட்டக் கட்டடத்தைப் பார்த்திருப்பர். அதன் சுவர்களுக்குள் ஒரு காலத்தில் மாசசூசெட்ஸ் நாட்டு ஏரித் தண்ணீர் கட்டியாகக் கிடந்தது என்பதை எத்தனை பேர் எண்ணியிருப்பர்?

ஏரிப் பனி தெளிவானது, கனமானது, நெடுநாள் தாங்குவது. மட்டிப் போன தட்டுப் பனி அதனோடு போட்டியிட இயலவில்லை. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. கப்பல் வந்தால் பனிக்கட்டி உண்டு, வராவிட்டால் இல்லை. புயலோ போரோ குறுக்கிட்டால், காய்ச்சலில் வெந்துகொண்டிருக்கும் நோயாளியின் தலையில் வைக்க ஒரு துண்டும் கிட்டாது. பிறர் ஏரியை நம்பியிருக்கும் குளிர் கடன் வாங்கிய குளிரே. தன் ஊரிலேயே அதைச் செய்துகொள்ள வழி உண்டா என்ற கேள்விக்கு விடை ஆய்வுக்கூடங்களில் மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது.

அந்த விடையின் வித்து நம் வீட்டு மண்பானையிலேயே இருக்கிறது. பானையின் நுண்துளைகள் வழியே கசிந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்துகொண்டு போகிறது. உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. திரவம் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அருகிலுள்ள பொருளிடமிருந்தே அது பறித்துக்கொள்ளும். இனி, நீரை உறையச் செய்வது எளிதன்று. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு வேண்டிய வெப்பம், அதே அளவு நீரை ஏறத்தாழ 80 டிகிரி சூடேற்றப் போதுமானது. பிளாக் கண்டறிந்த இந்த மறைவெப்பத்தை முழுவதும் நீரிடமிருந்து பறித்தாலன்றி அது கட்டியாகாது. பானையில் கசியும் நீரால் அது இயலாது. இன்னும் விரைவாக ஆவியாகும் பொருள் வேண்டும். அல்லது ஆவியை உடனுக்குடன் அப்புறப்படுத்தும் சூழ்ச்சி வேண்டும்.

இரண்டாவது வழியை எடின்பரோவில் ஜான் லெஸ்லி 1810-இல் காட்டினார். கண்ணாடி மூடியின் கீழ் ஒரு கிண்ணத்தில் நீரும், அதனருகே அகன்ற தட்டில் கந்தகத் திராவகமும் வைத்து, பம்பினால் உள்ளிருந்த காற்றை இறைத்தார். நீர் விரைந்து ஆவியாயிற்று. அந்த ஆவியைத் திராவகம் வேட்கையோடு குடித்தது. எஞ்சிய நீர் உறைந்து கட்டியாயிற்று. பெர்டினாண்டு காரேயின் தம்பி எட்மண்டு காரே பின்னர் இம்முறையைக் கருவியாக்கினார். பாரிஸ் நகரத்துக் காப்பிக் கடைகளில் குடுவைத் தண்ணீரைப் பனி படரக் குளிர்விக்க அது பயன்பட்டது. கந்தகத் திராவகம் நீரைக் குடித்துக் குடித்து வலுவிழந்துபோவதும், பட்ட இடத்தைப் புண்ணாக்குவதும் அதன் தொல்லைகள். காப்பிக் கடைக்கு அது போதுமாயினும் ஒரு நகருக்குப் போதாது.

முதல் வழிக்கு வித்திட்டவர் மைக்கேல் பாரடே. 1823-இல் அவர் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில், அம்மோனியா வாயுவை உறிஞ்சிய வெள்ளி உப்பு ஒன்றை இட்டு இரு முனைகளையும் மூடினார். உப்பு இருந்த முனையைச் சூடாக்க, வாயு வெளிப்பட்டுக் குளிர்ந்த மறு முனையில் தன் அழுத்தத்தாலேயே திரவமாயிற்று. அதுவரை வாயுவாகவே அறியப்பட்டிருந்த பொருள் நீர்போல் திரண்டு நின்றது. அவர் நாடியது அதுவே. ஆனால் விளக்கை அகற்றியதும் வேறொன்று நிகழ்ந்தது. ஆறிய உப்பு வாயுவை மீண்டும் உறிஞ்சத் தொடங்கியது. திரவ அம்மோனியா கொதித்து எழுந்து தாய்வீட்டுக்குத் திரும்பியது. உப்பு இருந்த முனை சூடாகவும், சில அங்குலமே தள்ளியிருந்த மறு முனை மிகக் குளிராகவும் ஆனதைப் பாரடே பதிந்து வைத்தார். ஒரே குழாயில் வெம்மையும் தண்மையும்! அதை அவர் பனிக்கட்டி செய்யும் வழியாக வளர்க்கவில்லை. அவருடைய நாட்டம் வாயுக்களின் இயல்பில் இருந்தது. அக்குழாய் இயந்திரமாக வளர 36 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

பெர்டினாண்டு காரே அதே நாடகத்தை இரும்பில் நடத்தினார். விலையுயர்ந்த வெள்ளி உப்புக்கு மாறாக அவர் எடுத்துக்கொண்டது வெறும் தண்ணீர். அம்மோனியாவின்மீது தண்ணீருக்கு உள்ள விருப்பம் வியப்பூட்டுவது. சாதாரண வெப்பநிலையில் ஒரு படி நீர் ஏறத்தாழ எழுநூறு படி அம்மோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளும். சூடாக்கினால் அதைக் கைவிட்டுவிடும். அம்மோனியாவோ சுழிக்குக் கீழே 33 டிகிரியிலேயே கொதித்துவிடுவது. அது ஆவியாகும்போது கவரும் வெப்பமும் மிகுதி. ஒரு கிலோ திரவ அம்மோனியா ஆவியானால், உறைநிலைக்கு ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் நீரில் நான்கு கிலோ அளவைக் கட்டியாக்கலாம் என்பது கணக்கு.

அவருடைய சிறிய இயந்திரம் வீட்டுக்கு ஏற்றது. இரண்டு இரும்புக் கலங்கள், அவற்றை இணைக்கும் ஒரு குழாய், அவ்வளவே. பெரிய கலத்தில் அம்மோனியா கரைந்த நீர் இருக்கும். அதைக் கரியடுப்பின்மேல் வைத்து, சிறிய கலத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவர். பெரிய கலம் சுமார் 130 டிகிரிவரை சூடேறும்போது அம்மோனியா நீரைவிட்டுப் பிரிந்து குழாய் வழியே சென்று, சிறிய கலத்தில் தன் அழுத்தத்தாலேயே திரவமாகும். பின்னர் இடத்தை மாற்றுவர். அடுப்பிலிருந்த கலம் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கும். சிறிய கலத்தின் நடுவே உள்ள குழிவில் நீர் நிறைந்த தகரக் குவளையைச் செருகிக் கம்பளி சுற்றிவிடுவர். ஆறிய நீர் தன் பழைய துணையை அழைக்க, அம்மோனியா கொதித்தெழுந்து ஓடும். அது கவர்ந்து செல்லும் வெப்பம் குவளையிலிருந்த நீரின் வெப்பமே. சற்று நேரத்தில் குவளையில் பனிக்கட்டி! சக்கரமும் இல்லை, பம்பும் இல்லை, அசையும் உறுப்பு ஒன்றுமே இல்லை. அம்மோனியா ஒரு துளியும் செலவாவதில்லை. செலவானது கரி மட்டுமே.

எளிமையாகத் தோன்றினும் இதில் ஆபத்து உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரில் அம்மோனியாவைத் திரவமாக்க, காற்றழுத்தத்தைப்போல் 12 மடங்கு அழுத்தம் வேண்டும். கலம் வலுவற்றதாயின் வெடித்துவிடும். செம்பும் பித்தளையும் அம்மோனியாவால் அரிபட்டுவிடுமாதலின் இரும்பைத் தவிர வேறு புகலில்லை. கசிந்தாலோ கண்ணும் மூச்சும் தாங்கா. பனிக்கட்டி ஆலையின் வாயிலில் ஒருமுறை நின்றவர்களுக்கு அந்த நெடியை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆலைகளுக்கென இடைவிடாது இயங்கும் பெரிய இயந்திரத்தையும் காரே அமைத்தார். அதில் ஒரு கலம் எப்போதும் கொதிக்கும்; மற்றொன்று எப்போதும் உறிஞ்சும்; அம்மோனியா செறிந்த நீரை ஒரு சிறு பம்பு திரும்பத் திரும்பக் கொதிகலத்துக்கு அனுப்பும். 1862-இல் இலண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் இவ்வியந்திரம் மணிக்கு 200 கிலோ பனிக்கட்டி தந்தது. பார்த்தவர்கள் வியந்தனர். எனினும் குளிர்காலத்தில் ஏரிகள் இலவசமாக உறையும் நாடுகளில் இதற்கு என்ன அவசரம்? அவசரம் வேறிடத்தில் பிறந்தது.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடபகுதி ஏரிகளின் பனிக்கட்டியை நம்பியிருந்த தென்மாநிலங்களுக்கு அது நின்றுபோயிற்று. துறைமுகங்களை வடபகுதிக் கப்பற்படை முற்றுகையிட்டிருந்தது. வெயில் கொடியது, காய்ச்சல் மிகுந்தது, காயமடைந்தோர் மருத்துவமனைகளில் நிறைந்தனர். அந்த முற்றுகைக்குத் தப்பி, பிரான்சிலிருந்து காரேயின் இயந்திரங்கள் தென்பகுதிக்குள் கொண்டுசெல்லப்பட்டன. பொருட்காட்சியில் வேடிக்கைப் பொருளாக நின்றது இங்கே மருந்தாயிற்று. அடிமைமுறையைக் காக்கப் போரிட்டவர்களுடைய நகரங்கள் அவை என்பதை மறப்பதற்கில்லை. இயந்திரம் எவர் பக்கம் நியாயம் என்று கேட்டு இயங்குவதில்லை. வெப்பமும் தேவையும் எங்கே இருந்தனவோ அங்கே அது வேரூன்றியது.

அதே தென்பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மருத்துவர் இதே கனவோடு வாழ்ந்து மறைந்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புளோரிடா மாநிலத்து அபலாச்சிகோலா ஊரின் ஜான் கோரி, காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வேண்டி, காற்றை அழுத்தி விரியவிட்டுப் பனிக்கட்டி செய்யும் பொறியை அமைத்து 1851-இல் உரிமை பெற்றார். பணம் போடுவார் கிடைக்கவில்லை, ஏளனமே மிஞ்சியது. 1855-இல் அவர் இறந்தார். இன்னும் பத்தாண்டுகள் உயிரோடிருந்தால் தம் அண்டை மாநிலங்கள் செயற்கைப் பனிக்கட்டிக்கு ஏங்கியதைக் கண்டிருப்பார்.

போருக்குப் பின்னும் இயந்திரங்கள் ஓயவில்லை. டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் டேனியல் ஹோல்டன் என்பவர் காரேயின் இயந்திரத்தைத் திருத்தினார். கரியடுப்புக்கு மாறாக நீராவிச் சுருள்களால் கொதிகலத்தைச் சூடாக்கினார். காய்ச்சி வடித்த நீரையே உறையவிட்டார். இரண்டாவது திருத்தம் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் வணிகத்துக்கு அதுவே உயிர்நாடி. நீர் புறத்திலிருந்து உள்நோக்கி உறையும்போது, அதில் கரைந்திருக்கும் காற்றும் உப்புகளும் நடுப்பகுதிக்குத் தள்ளப்பட்டு அங்கே பால்போல் வெளுத்து நிற்கும். இன்றும் பாளத்தின் நடுவே அந்த வெண்மையைக் காணலாம். ஏரிப் பனியின் பளிங்குத் தெளிவுக்குப் பழகியவர்கள் இந்த வெளுத்த கட்டியை ஐயத்தோடு நோக்கினர். வடித்த நீரில் காற்றும் உப்பும் நீங்கிவிடுமாதலின் கட்டி தெளிந்து வந்தது. அலகாபாத் மக்களும் தட்டில் வார்க்குமுன் நீரைக் காய்ச்சியதை இங்கே நினைவு கூரலாம்.

நம் நாட்டுக்கும் இயந்திரப் பனிக்கட்டி வர நெடுங்காலம் ஆகவில்லை. சென்னையில் 1874-இல் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனியும், கல்கத்தாவில் 1878-இல் பெங்கால் ஐஸ் கம்பெனியும் தொடங்கின. அமெரிக்கக் கப்பல்கள் 1880-களில் வருவதை நிறுத்திக்கொண்டன. கடற்கரையில் இருந்த சேமிப்பகம் பனிக்கட்டி இழந்து, கைமாறிக் குடியிருப்பாயிற்று. அங்கேதான் மேலை நாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. ஹூக்ளிக் கரையின் பள்ளங்களும் தூர்ந்தன. தட்டு வனைந்த குயவரும் பனி திரட்டிய கூலியாளரும் என்ன தொழிலுக்குச் சென்றனர் என்று கேட்பார் இல்லை. ஆனால் வேறொன்றையும் சொல்ல வேண்டும். தட்டுப் பனியும் கப்பல் பனியும் பெரும்பாலும் துரைமார் மேசைக்கே சென்றன. கடைத்தெருச் சர்பத்துக்கும் பரதவர் கூடைக்கும் பனிக்கட்டி இறங்கி வந்தது ஆலைகளுக்குப் பின்னரே.

காரேயின் முறை அரியணையில் நெடுநாள் இருக்கவில்லை. 1877-78-இல் பராகுவே என்ற கப்பல் அவருடைய அம்மோனியா இயந்திரத்தின் துணையால் அர்ஜென்டினாவிலிருந்து ஆட்டிறைச்சியை உறையவைத்துப் பிரான்சின் ஆவர் துறைமுகத்துக்குக் கெடாமல் கொண்டுவந்தது. ஆனால் அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லிண்டே, அம்மோனியாவைப் பிரித்தெடுக்கத் தீயை நேரே பயன்படுத்தாமல், பம்பினால் அழுத்தித் திரவமாக்கும் இயந்திரத்தைச் செம்மை செய்தார். குறைந்த எரிபொருளில் மிகுந்த குளிர் கிடைத்தது. ஆலைகள் அதன் பக்கம் சாய்ந்தன. இன்று மீன்பிடித் துறைமுகங்களில் இரையும் பனிக்கட்டி ஆலைகள் லிண்டேயின் வழிவந்தவை. அம்மோனியா மட்டும் இருவர்க்கும் பொது.

மின்சாரமோ நீராவி எந்திரமோ இல்லாத இடத்தில் மட்டும் காரேயின் அடுப்பு அணையவில்லை. 1920-களின் இறுதியில் அமெரிக்கப் பண்ணை வீடுகளுக்கென ஐசிபால் என்ற பெயரில் ஒரு கருவி விற்கப்பட்டது. குழாயால் இணைந்த இரு இரும்பு உருண்டைகள். ஒன்றை அடுப்பில் காய்ச்சி மற்றொன்றைப் பெட்டிக்குள் வைப்பர். காரேயின் வீட்டு இயந்திரமே அது, பெயர் மட்டும் புதிது. 1922-இல் பிளாட்டன், மண்டர்ஸ் என்ற இரு ஸ்வீடன் நாட்டு மாணவர்கள், ஹைட்ரஜன் வாயுவையும் உள்ளே சேர்த்து, சிறு பம்புகூட இல்லாமல் இடைவிடாது இயங்கும் குளிர்பெட்டியை அமைத்தனர். அடியில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தால் போதும். மேலே பெட்டி குளிரும். மின்கம்பி எட்டாத சிற்றூர் மருத்துவ நிலையங்களில் அம்மை, போலியோத் தடுப்பு மருந்துகளைக் கெடாமல் காத்தவை இத்தகைய பெட்டிகள். காலையில் வந்தவுடன் அங்குள்ள பணியாளர் திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றி, சுடர் புகையாமல் நீலமாக நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டே மற்ற வேலையைத் தொடங்குவார்.